ஓர் ஆண்டை ஒரு மாலையில் முடித்தல்: இறுதியாட்டங்களின் வரலாறும் கொச்சியின் நினைவும்

 

நான் குடியிருக்கும் இடப்பள்ளியில் மெட்ரோ ஏறித் தெற்கே சென்றால் மூன்றாவது நிலையம் கலூர் ஜவாஹர்லால் நேரு விளையாட்டரங்கம். ஏழாவது நிலையம் மகாராஜா கல்லூரி. வடக்கே திரும்பினால் மூன்றாவது நிலையம் களமசேரி. கேரளக் காற்பந்தின் வரலாற்றை எழுத முனைபவருக்கு இந்தப் பத்து நிலையங்களுக்குள்ளேயே பாதிச் செய்தி கிடைத்துவிடும். களமசேரியிலும் அதற்கப்பால் ஏலூரிலும் இருந்த தொழிற்சாலைகள் ஆட்டக்காரர்களை உருவாக்கின. மகாராஜா கல்லூரித் திடலில் கேரளம் முதன்முதலாகச் சந்தோஷ் கோப்பையை வென்றது. கலூரில், நம் காலத்தில், அரங்கம் நிறைந்த மக்கள் ஒரே இரவில் ஊமையாயினர்.

சென்ற வாரம் ஓர் இளம் நண்பர் என்னிடம் கேட்டார்: "ஆண்டு முழுவதும் ஆடிப் புள்ளிப்பட்டியலில் முதலிடம் பெற்றவரை விட்டுவிட்டு, கடைசி ஒரு மாலையில் வென்றவருக்குக் கோப்பை கொடுப்பது எந்த நியாயம்?" கேள்வி புதிதன்று. நூறாண்டுக்கு முன்பே ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரம் இதே கேள்வியோடு மல்லுக்கட்டியிருக்கிறது. அங்கிருந்து தொடங்கிக் கொச்சிக்கு வருகிறேன்.

1. சிட்னி கண்ட மூன்று விடைகள்

ரக்பி லீக் என்பது ரக்பியிலிருந்து பிரிந்த ஆட்டம், பக்கத்துக்குப் பதின்மூவர். சிட்னியில் அதன் முதல் பருவம் 1908-இல் நடந்தது. இறுதியாட்டத்தில் சவுத் சிட்னி 14-12 என்ற கணக்கில் ஈஸ்டர்ன் சபர்ப்ஸ் அணியை வென்றது. தொடக்கத்திலேயே இறுதியாட்டம் என்ற ஏற்பாடு இருந்தது. ஆனால் அதற்கு இன்றைய மதிப்பு இல்லை. மறு ஆண்டே அது தெரிந்தது. 1909-ஆம் ஆண்டின் இறுதியாட்டத்தை வேறொரு பெரிய காட்சிப் போட்டிக்கு முன்னோட்டமாக வைத்ததற்கு எதிர்ப்புத் தெரிவித்து, பால்மெயின் அணி களமிறங்கவே இல்லை. சவுத் சிட்னி ஆட்டக்காரர்கள் எதிரில் ஆளில்லாத திடலில் பந்தை உதைத்து, எடுத்துச் சென்று கோட்டைத் தொட்டு, வாகையர் ஆயினர். 1910-இல் இறுதியாட்டம் 4-4 என்று சமனில் முடிந்தது. அப்போது என்ன செய்தார்கள்? பட்டியலில் முதலிடத்தில் இருந்த நியூட்டவுனுக்குப் பட்டத்தை வழங்கினார்கள். களத்தில் விடை கிடைக்காதபோது கணக்குப் புத்தகத்தைப் புரட்டினார்கள் என்று சொல்லலாம்.

1912 முதல் 1925 வரை அந்தக் கணக்குப் புத்தகமே ஆட்சி செய்தது. பட்டியலில் முதலில் வந்தவரே வாகையர். இருவர் சமநிலையில் நின்றால் மட்டும் கூடுதலாக ஓர் ஆட்டம். நியாயத்தின் பார்வையில் இதைவிடத் தூய ஏற்பாடு இல்லை. ஆனால் 1925-இல் சவுத் சிட்னி ஆடிய பன்னிரண்டு ஆட்டங்களையும் வென்றது. பட்டம் யாருக்கு என்பது பருவம் முடியும் முன்பே தெரிந்துவிட்டது. எஞ்சிய ஆட்டங்களுக்கு மக்கள் வருவானேன்? மறு ஆண்டே விதி மாறியது.

1926-இல் வந்த ஏற்பாடு ஒரு சமரசம். முதல் நான்கு அணிகள் இறுதிச் சுற்றில் மோதும். ஆயினும் பட்டியலில் முதலிடம் பெற்ற அணிக்கு ஒரு தனி உரிமை உண்டு: இறுதிச் சுற்றில் அது தோற்றுவிட்டால், "இன்னோர் ஆட்டம் ஆடுவோம்" என்று அறைகூவலாம். அவ்வாறு கேட்டுப்பெறும் அந்தக் கூடுதல் ஆட்டத்துக்குத்தான் "கிராண்ட் ஃபைனல்", அதாவது பேரிறுதியாட்டம் என்று பெயர். ஆகவே இந்தச் சொல் முதலில் குறித்தது ஒரு விழாவை அன்று. ஆண்டு முழுவதும் உழைத்தவருக்கு அளிக்கப்பட்ட ஒரு மேல்முறையீட்டை.

1954-இல் அந்த மேல்முறையீடு நீக்கப்பட்டது. முதலிடத்தார் வென்றாலும் தோற்றாலும், பருவத்தின் முடிவில் ஒரே ஒரு பேரிறுதியாட்டம் கட்டாயம் நடக்கும். அதில் வென்றவரே வாகையர் என்று விதி செய்தார்கள். அன்றிலிருந்து சிட்னியின் நாட்காட்டியில் அது ஒரு திருநாள் ஆயிற்று. 1956 முதல் 1966 வரை செயின்ட் ஜார்ஜ் அணி தொடர்ந்து பதினொரு பட்டங்களை வென்றது. 1965-இல் சிட்னி கிரிக்கெட் திடலில் 78,056 பேர் கூடினர். 1999-இல் மெல்போர்ன் ஸ்டோர்ம் 20-18 என்று வென்ற ஆட்டத்தை 1,07,999 பேர் நேரில் கண்டனர். மக்களை வரவழைப்பதற்காகச் செய்த விதி, அந்த நோக்கத்தில் முழு வெற்றி பெற்றது என்பதில் ஐயமில்லை.

அந்த நெடிய வரலாற்றில் என்னை மிகவும் ஈர்த்தது ஓர் ஒளிப்படம். 1963-இல் மழையில் சேறாகிப்போன திடலில் செயின்ட் ஜார்ஜ் 8-3 என்று வெஸ்டர்ன் சபர்ப்ஸை வென்றது. ஆட்டம் முடிந்ததும் நெட்டையான நார்ம் புரோவனும் குட்டையான ஆர்தர் சம்மன்ஸும் உடலெல்லாம் சேறு அப்பியிருக்க நெருங்கி நின்ற காட்சியை ஜான் ஓ'கிரெடி படமெடுத்தார். வென்ற தலைவரும் தோற்ற தலைவரும் ஒருவரையொருவர் பாராட்டும் பெருந்தன்மையின் சின்னம் என்று அந்தப் படம் புகழ்பெற்றது. இன்று வாகையருக்கு அளிக்கப்படும் கோப்பையின் உருவமும் அதுவே. ஆனால் அந்தக் கணத்தில் தாம் நடுவரின் தீர்ப்பைக் குறித்துக் குறைப்பட்டுக்கொண்டிருந்ததாகச் சம்மன்ஸ் பின்னாளில் சொன்னார். தோற்றவரின் மனத்தாங்கலைத்தான், அறியாமலே, வென்றவர்கள் ஆண்டுதோறும் தலைக்குமேல் தூக்கிக் காட்டுகிறார்கள்.

இறுதியாட்டம் நினைவை உண்டாக்குகிறது. ஆனால் அது உண்டாக்கும் நினைவு நடந்ததற்கு எப்போதும் ஒத்திருப்பதில்லை. இதை மனத்தில் வைத்துக்கொண்டு கொச்சிக்குத் திரும்புவோம்.

2. 1973 டிசம்பர் 27

மாநிலங்களுக்கு இடையிலான சந்தோஷ் கோப்பை 1941-இல் தொடங்கியது. சந்தோஷ் என்பது மகிழ்ச்சியைக் குறிக்கும் பெயரன்று. இன்றைய வங்கதேசத்தில் உள்ள ஒரு ஜமீனின் பெயர். அதன் மகாராஜா மன்மதநாத் ராய் சௌத்ரியின் நினைவாக வங்கத்தின் காற்பந்துச் சங்கம் அளித்த கோப்பை அது. முதல் ஆண்டிலேயே வங்கம் டெல்லியை 5-1 என்று வென்றது. பின்னும் பல பத்தாண்டுகள் அந்தக் கோப்பை வங்கத்தின் சொத்துப்போலவே இருந்தது. மைசூரும் ஐதராபாத்தும் இடையிடையே பறித்தன. கேரளத்துக்கு அது கைக்கெட்டாத கனி.

1973-இல் போட்டி எர்ணாகுளத்துக்கு வந்தது. டிசம்பர் 27 அன்று மகாராஜா கல்லூரித் திடலில் கேரளமும் இரயில்வே அணியும் இறுதியாட்டத்தில் மோதின. கேரளம் 3-2 என்று வென்றது. மூன்று கோல்களையும் அடித்தவர் ஒருவரே: அணித்தலைவர் டி.கே.எஸ். மணி. கண்ணூர் மாவட்டத்துத் தளிப்பரம்பில் பிறந்து, ஏலூரின் உரத் தொழிற்சாலையான ஃபாக்ட் அணிக்கு ஆடியவர். அந்த மாலைக்குப் பின் அவர் வாழ்நாள் முழுவதும் "கேப்டன் மணி" என்றே அழைக்கப்பட்டார். 2017 ஏப்ரலில் அவர் மறைந்தபோது செய்தித்தாள்களும் அப்படியே எழுதின. ஒரு மாலையில் கிடைத்த பட்டம் பெயரின் முன்னெழுத்துப்போல ஒட்டிக்கொண்டது.

அணியின் துணைத்தலைவர் டி.ஏ. ஜாஃபர், ஃபோர்ட் கொச்சிக்காரர். களமசேரி பிரீமியர் டயர்ஸ் அணியின் ஆட்டக்காரர். கோல்காவலர் விக்டர் மஞ்ஞில. பயிற்சியாளர் யார் என்று கேட்டால் தமிழ் வாசகர்கள் வியப்படைவார்கள்: 1960 ரோம் ஒலிம்பிக்கில் இந்தியாவுக்காக ஆடிய தமிழர் சைமன் சுந்தர்ராஜ். கேரளத்தின் முதல் பட்டத்தைப் பற்றிப் பேசும்போது அவர் பெயரை நம் பக்கத்தில் எத்தனை பேர் சொல்கிறோம்? வெற்றிக்கு ஒரு மாநிலத்தின் பெயர் சூட்டப்படுகையில், எல்லை கடந்து வந்து உழைத்தவரின் பெயர் இரு பக்கத்துப் பதிவேடுகளிலும் மங்கிப்போகிறது.

அந்த அணியின் பின்னணி எது என்பதையும் பார்க்க வேண்டும். 1940-களில் ஏலூரில் எழுந்த ஃபாக்ட், பின்னர் களமசேரியில் வந்த பிரீமியர் டயர்ஸ் போன்ற நிறுவனங்கள் ஆட்டக்காரர்களுக்கு வேலை கொடுத்தன. பந்தாட்டம் சோறு போடுமா என்று வீட்டில் கேட்ட காலத்தில், மாதச் சம்பளம் என்ற விடையைத் தொழிற்சாலை தந்தது. காலையில் பயிற்சி, பகலில் வேலை, ஆட்டம் உள்ள நாளில் விடுப்பு. திறமை கண்ணூரிலும் திருச்சூரிலும் மலப்புறத்திலும் விளைந்தது என்றால், அது வந்து குவிந்த களஞ்சியம் இந்தப் பெரியாற்றங்கரைத் தொழில்வட்டாரம். 1973-இன் வெற்றியை ஒரே மாலையின் அதிசயமாக எழுதுவது எளிது. உண்மையில் அது பல ஆண்டுச் சம்பளப் பட்டியல்களின் பயன்.

எங்கள் வீட்டு உரிமையாளர் எழுபதைக் கடந்தவர். களமசேரியில் ஒரு தொழிற்சாலையில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். அவரை நான் சேட்டா என்றே அழைப்பேன். அன்றைய ஆட்டத்தை நேரில் கண்டவர் அவர் என்று அறிந்ததும் குறிப்பேட்டோடு போய் அமர்ந்தேன். மூன்றாவது கோல் எப்படி விழுந்தது என்று கேட்டேன். சிரித்தார். "அதை நான் பார்க்கவில்லை மோளே. எனக்கு முன்னால் இருந்தவன் எழுந்து நின்றுவிட்டான். அவன் சட்டையின் முதுகைத்தான் பார்த்தேன், கிழிசலைத் தைத்திருந்தது. சத்தத்தைக் கேட்டுத்தான் கோல் என்று தெரிந்தது" என்றார். பிறகு இரவில் பேருந்து கிடைக்காமல் கூட்டமாக இடப்பள்ளிவரை நடந்தே வந்ததை அரைமணி நேரம் சொன்னார். எங்கெங்கே நின்றார்கள், எந்தக் கடைக்காரர் தண்ணீர் கொடுத்தார் என்பதெல்லாம் அவருக்கு நினைவிருக்கிறது. கோலைப் பற்றிய விவரம் செய்தித்தாளில் கிடைத்துவிடும். அந்த நடையைப் பற்றிய விவரம் அவரிடம் மட்டுமே இருக்கிறது.

3. ஏழு இறுதியாட்டங்கள்

முதல் வெற்றிக்கும் இரண்டாவது வெற்றிக்கும் இடையே பதினெட்டு ஆண்டுகளுக்கு மேல் கடந்தன. ஆனால் அந்த இடைவெளியின் கடைசிப் பகுதியைத்தான் நான் கேரளக் காற்பந்தின் பொற்காலம் என்பேன். 1984-இல் உருவான கேரளக் காவல்துறை அணி 1990-இல் திருச்சூரிலும் 1991-இல் கண்ணூரிலும் கூட்டமைப்புக் கோப்பையை வென்றது. வி.பி. சத்யன், ஐ.எம். விஜயன், சி.வி. பாப்பச்சன், யு. ஷரஃபலி எனப் பெயர்கள் ஒவ்வொன்றும் இன்றும் மலபாரில் உச்சரிக்கப்படுகின்றன. தொழிற்சாலை செய்த வேலையை இப்போது காவல்துறை செய்தது.

1988 முதல் 1994 வரை கேரளம் தொடர்ந்து ஏழு முறை சந்தோஷ் கோப்பை இறுதியாட்டத்துக்குச் சென்றது. வரிசையாகச் சொல்கிறேன்.

1988, கொல்லம்: பஞ்சாபிடம் பெனால்டியில் தோல்வி.
1989, குவாஹாத்தி: வங்கத்திடம் பெனால்டியில் தோல்வி.
1990, மட்காவ்: கோவாவிடம் தோல்வி.
1991, பாலக்காடு: மகாராஷ்டிரத்திடம் 0-1 தோல்வி.
1992, கோயம்புத்தூர்: கோவாவை 3-0 என்று வென்றது.
1993, எர்ணாகுளம்: மகாராஷ்டிரத்தை 2-0 என்று வென்றது.
1994, கட்டாக்: வங்கத்திடம் பெனால்டியில் தோல்வி.

இந்தப் பட்டியலை உற்று நோக்குங்கள். ஏழு ஆண்டில் ஏழு இறுதியாட்டம் ஆடிய கேரளத்துக்கு இரண்டு கோப்பை. அதே ஏழு ஆண்டில் இரண்டே இறுதியாட்டம் ஆடிய வங்கத்துக்கும் இரண்டு கோப்பை. வாகையர் பட்டியலை மட்டும் பார்க்கும் மாணவர் இருவரும் சமம் என்று எழுதுவார். அவர் எழுதுவதில் பிழை இல்லை. ஆனால் அந்த ஏழு ஆண்டுகளில் இந்த நாட்டில் எந்த அணி மற்றெல்லா அணிகளையும்விடத் தளராமல் நின்றது என்ற செய்தி அவர் ஏட்டில் இராது. எனது இளம் நண்பரின் கேள்விக்கு இதைவிட வலுவான சான்றை அவராலும் காட்ட முடியாது.

1992-இன் வெற்றி நடந்தது தமிழ் மண்ணில், கோவையில். பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கேரளத்து ரசிகர்கள் திரண்டு வந்த இறுதியாட்டம் அது. அன்று கோப்பையை ஏந்திய தலைவர் வி.பி. சத்யன். பயிற்சியாளர், 1973-இல் துணைத்தலைவராக இருந்த அதே டி.ஏ. ஜாஃபர், மறு ஆண்டு எர்ணாகுளத்தில் குரிகேஷ் மாத்யூ தலைமையில் வென்றபோதும் அவரே பயிற்சியாளர். கேரளத்தின் முதல் மூன்று பட்டங்களிலும் பங்கு கொண்டவர் என்று சொல்லத்தக்கவர் அவர். 2023 டிசம்பரில் மறைந்தார்.

சத்யன் இந்திய அணியின் தலைவராகவும் விளங்கினார். பின்னர் சென்னையில் இந்தியன் வங்கி அணியில் ஆடினார், பயிற்சியும் அளித்தார். 2006 ஜூலை மாதம் பல்லாவரத்தில் தமது 41-ஆம் வயதில் உயிர் துறந்தார். 2018-இல் அவரது வாழ்க்கையைத் தழுவி "கேப்டன்" என்ற மலையாளத் திரைப்படம் வந்த பிறகே புதிய தலைமுறை அவரை அறிந்தது. நம் ஊரில், நம்மிடையே, பல ஆண்டுகள் வாழ்ந்த ஓர் இந்திய அணித்தலைவரை நாம் எத்தனை பேர் அடையாளம் கண்டிருப்போம்? ஆட்டம் முடிந்தபின் ஆட்டக்காரர் என்ன ஆகிறார் என்பதை இறுதியாட்ட வரலாறு கேட்பதில்லை. அதன் ஏடு கோப்பையைத் தூக்கும் படத்தோடு மூடிக்கொள்கிறது.

4. கலூரின் இரவுகள்

1996-இல் திறக்கப்பட்ட கலூர் அரங்கம் பல பெரிய ஆட்டங்களைக் கண்டது. ஆனால் இங்கே கேரள அணிகள் ஆடிய இரண்டு இறுதியாட்டங்களும் தோல்வியிலேயே முடிந்தன. 2013 மார்ச்சில் சந்தோஷ் கோப்பை இறுதியாட்டத்தில் கேரளமும் சர்வீசஸும் கோலின்றிச் சமநிலை. பெனால்டியில் சர்வீசஸ் 4-3.

2014-இல் இந்தியன் சூப்பர் லீக் தொடங்கியது. அதற்கு முன்பிருந்த தேசிய லீகிலும் ஐ-லீகிலும் இறுதியாட்டம் கிடையாது. பட்டியலில் முதல்வரே வாகையர். புதிய லீக், சிட்னி 1954-இல் எடுத்த முடிவைத் தொடக்கத்திலேயே எடுத்தது: லீக் சுற்று, அரையிறுதி, அதன்பின் இறுதியாட்டம். காரணமும் அதுவே. மக்கள் கடைசிவரை வரவேண்டும்.

கேரளா பிளாஸ்டர்ஸ் மூன்று இறுதியாட்டங்களை எட்டியது. 2014-இல் மும்பையில், கூடுதல் நேரத்தில் முகமது ரஃபீக் தலையால் தட்டிய பந்து கொல்கத்தாவுக்கு 1-0 வெற்றி தந்தது. 2016 டிசம்பர் 18, ஞாயிறு, கலூரில் மீண்டும் அதே கொல்கத்தா. 54,146 பேர். முகமது ரஃபி தலையால் முட்டிக் கேரளத்துக்கு முதல் கோல். இடைவேளைக்கு முன்பே செரேனோ சமன் செய்தார். பிறகு நூற்றிருபது நிமிடம் முடியும்வரை கோல் இல்லை. பெனால்டியில் கொல்கத்தாவின் முதல் உதையை, இயன் ஹியூம் அடித்ததை, கிரஹாம் ஸ்டாக் தடுத்தார். அந்த ஹியூம் முதல் பருவத்தில் கேரளத்தின் செல்லப்பிள்ளை. ஈராண்டுக்கு முன் கேரளத்தை வீழ்த்திய ரஃபீக் இப்போது மஞ்சள் சட்டையில் வந்து கேரளத்துக்காக அடித்தார். எந்தோயே உதைத்தது கம்பத்துக்கு மேலே போயிற்று. எங்பாரின் உதையைத் தேபஜித் மஜும்தார் காலால் தடுத்தார். ஜுவல் ராஜா முடித்துவைத்தார். 4-3.

அன்றிரவு மெட்ரோ இல்லை. தூண்கள் மட்டும் நின்றன. கலூரிலிருந்து பாலாரிவட்டம் வழியாக இடப்பள்ளிவரை மஞ்சள் சட்டைகள் அந்தத் தூண்களின் அடியில் நடந்து வந்தன. 1973-இல் சேட்டா நடந்த அதே பாதை. நான் அந்தக் கூட்டத்தில் இருந்தேன். பேச்சில்லை. செருப்புச் சத்தம் மட்டும் கேட்டது. ஒரு சிறுவன் தன் தந்தையிடம், "அடுத்த வருஷமும் இங்கேதானா அச்சா?" என்று கேட்டது நினைவிருக்கிறது.

மூன்றாவது இறுதியாட்டம் 2022 மார்ச் 20, கோவாவின் ஃபத்தோர்தாவில். ராகுல் அடித்த கோலால் முன்னிலை. 88-ஆம் நிமிடத்தில் ஐதராபாத்தின் சாகில் தவோரா சமன் செய்தார். பெனால்டியில் கட்டிமணி அடுத்தடுத்துத் தடுக்க, 3-1 என்று தோல்வி.

5. எது நியாயம்?

இப்போது நண்பரின் கேள்விக்கு வருகிறேன். இறுதியாட்டம் அநீதி என்று சொல்லக் கேரளத்தாருக்கு உரிமை உண்டு என்றே முதலில் நானும் எண்ணினேன். பிறகு புள்ளிப்பட்டியல்களை எடுத்துப் பார்த்தேன். 2014-இல் பிளாஸ்டர்ஸ் பெற்ற இடம் நான்கு. முதலிடம் பெற்ற சென்னையின் எஃப்.சி.யை அரையிறுதியில் வீழ்த்தித்தான் இறுதிக்கு வந்தது. 2016-இல் இரண்டாமிடம். 2022-இல் மீண்டும் நான்காமிடம். அந்த ஆண்டு லீக் கேடயத்தை வென்ற ஜாம்ஷெட்பூரை அரையிறுதியில் வென்றது. பட்டியலே தீர்ப்பு என்றிருந்தால் அந்த மூன்று ஆண்டுகளும் நமக்கு எதையும் தந்திரா. எந்த விதி நம் நெஞ்சை உடைத்ததோ, அதே விதிதான் நம்மை அங்கே கொண்டுபோய் நிறுத்தியது.

சென்னை ரசிகர்களும் இதை ஒப்புக்கொள்ள வேண்டும். 2014-இல் முதலிடம் பெற்றும் வெறுங்கையோடு வந்தவர்கள் அவர்கள். 2018-இல் பெங்களூரு 40 புள்ளிகளோடு முதலிடம். சென்னை 32 புள்ளிகளோடு அடுத்த இடம். பெங்களூரு மண்ணிலேயே நடந்த இறுதியாட்டத்தில் சென்னை 3-2 என்று வென்று கோப்பையைக் கொண்டுவந்தது. அன்று சென்னையில் யாரும் புள்ளிக்கணக்கைப் பற்றிப் பேசவில்லை.

2019-20 பருவத்தில் லீக் முதல்வருக்குத் தனியே கேடயம் அளிக்கத் தொடங்கினார்கள். அதனால் ஒரு பருவத்துக்கு இரண்டு பட்டங்கள் ஆயின. ஆண்டு முழுவதும் உழைத்தவருக்கு ஒன்று, கடைசி மாலையில் வென்றவருக்கு ஒன்று. 1926-இல் சிட்னி கண்ட சமரசத்தின் இன்னொரு வடிவம் இது என்பது என் கருத்து. அங்கே முதல்வருக்கு ஒரு மறுவாய்ப்பு. இங்கே முதல்வருக்கு ஒரு கேடயம். எந்த ஏற்பாடும் கேள்வியை முழுவதுமாகத் தீர்க்கவில்லை. தீர்க்கவும் முடியாது. தளராமையும் ஒரு நாளின் துணிவும் இரு வேறு தகுதிகள். ஒன்றின் தராசில் மற்றொன்றை நிறுக்க முயல்வதால்தான் வழக்கு முடிவதில்லை.

ஆகவே விதியை மாற்றுவதைவிட நாம் எழுதும் முறையை மாற்றுவது முதன்மையானது என்று கருதுகிறேன். விளையாட்டு வரலாற்றை வாகையர் பட்டியலாக மட்டும் எழுதினால், 1988 முதல் 1991 வரை நான்கு ஆண்டுகள் தொடர்ந்து இறுதிவரை சென்று தோற்று, ஐந்தாம் ஆண்டும் மனம் தளராமல் பயிற்சித் திடலுக்கு வந்தவர்கள் எங்கும் இடம்பெற மாட்டார்கள். கோவையின் 3-0 அவர்களுடைய நான்கு தோல்விகளின் மீது நின்றது. அதைச் சொல்லாமல் 1992-ஐச் சொல்வது, 1963-இன் ஒளிப்படத்தைப் பார்த்துப் பெருந்தன்மை என்று எழுதுவது போன்றதே.

கேரளம் பின்னரும் வென்றது: 2001-02, 2004-05, 2018-இல் கொல்கத்தாவில் வங்கத்தை அதன் மண்ணிலேயே பெனால்டியில், 2022-இல் மஞ்சேரியில் மீண்டும் வங்கத்தைப் பெனால்டியில். மொத்தம் ஏழு பட்டங்கள். 2024-ஆம் ஆண்டின் கடைசி நாளில் ஐதராபாத்தில், ஆட்டத்தின் கூடுதல் நேரத்தில் ரொபி ஹன்ஸ்தா அடித்த ஒரே கோலில் வங்கம் பழிதீர்த்துக்கொண்டது. கணக்கு இன்னும் முடியவில்லை.

முடிக்குமுன் ஒரு வேண்டுகோள். 1973-இல் இருபது வயதினராக இருந்தவர்கள் இன்று எழுபதைக் கடந்துவிட்டார்கள். மணி இல்லை, ஜாஃபர் இல்லை, சத்யன் எப்போதோ போய்விட்டார். ஆட்டக்காரர்களின் பெயராவது எங்கேனும் அச்சில் இருக்கும். மகாராஜா கல்லூரித் திடலில் நின்று பார்த்தவர்கள், 1992-இல் கோவைக்குப் பேருந்தேறியவர்கள், ஏலூரிலும் களமசேரியிலும் அணி கலைந்த நாளைக் கண்டவர்கள், இவர்களுடைய சொற்களை யாரும் சேர்த்துவைக்கவில்லை. மட்டாஞ்சேரியிலோ ஃபோர்ட் கொச்சியிலோ கோவையிலோ உங்கள் வீட்டுப் பெரியவர் ஒருவர் அந்த ஆட்டங்களைக் கண்டிருந்தால், தயவுசெய்து உட்காரவைத்துக் கேளுங்கள். கோல் எப்படி விழுந்தது என்று மட்டும் கேட்காதீர்கள். எப்படிப் போனார்கள், யாரோடு போனார்கள், எவ்வழியே திரும்பினார்கள் என்று கேளுங்கள். கேட்டதை எழுதி அனுப்புங்கள்; பெயர் குறிப்பிட விருப்பமில்லை என்றால் குறிப்பிட மாட்டேன்.

சேட்டாவிடம் சென்ற ஞாயிறு மறுபடியும் போனேன். இம்முறை அந்தத் தைத்த சட்டைக்காரரைப் பற்றிக் கேட்டேன். ஆட்டம் முடிந்ததும் அவர் திரும்பி, முன்பின் அறியாத சேட்டாவைக் கட்டிக்கொண்டாராம். இருவரும் பாலாரிவட்டம்வரை சேர்ந்தே நடந்தார்களாம். பெயர் கேட்க மறந்துவிட்டது என்றார்.